உயிரணுவில் பெயர் பொறித்த அறிஞர் கமில்லோ கோல்கி

நம் காலனியில் எட்டாம் வகுப்பைக் கடந்த பிள்ளைகளுள், உயிரணுவின் படத்தை வரைந்து அதன் பாகங்களுக்குப் பெயர் எழுதாதவர் எவரும் இலர் எனலாம். தாளின் ஒரு பாதியில் செங்கல் போன்ற தாவர உயிரணு. மறுபாதியில் உருண்டையான விலங்கு உயிரணு. இரண்டிலிருந்தும் பக்கவாட்டில் கோடுகள். கோடுகளின் முனையில் பெயர்கள். இந்நகரப் பள்ளிகளில் அவர்கள் இதனைச் செல் என்றும் கோஷிகா என்றும் பயில்கின்றனர். அப்பாடத்தை வீட்டில் தமிழில் எடுத்துச் சொல்லும் நேரம் பெற்றோர்க்கு வாய்ப்பது அரிது. ஆதலின் நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அப்படத்தின் ஒரு மூலையையேனும் தமிழில் விளக்கிக் காட்டுவது பயனுடையதாகும் என்று கருதி, இதனை எழுதத் துணிந்தோம்.

முதலில் அப்படத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்போம். இருவகை உயிரணுக்களுக்கும் மெல்லிய சவ்வு ஒன்று எல்லையாக அமைந்து, எது உள்ளே வரலாம், எது வெளியே செல்லலாம் என்பதை வரையறுக்கின்றது. தாவர உயிரணுவுக்கு மட்டும் அச்சவ்வுக்கு வெளியே செல்லுலோஸ் முதலியவற்றால் ஆன உறுதியான சுவர் ஒன்று உண்டு. எலும்பில்லாத மரம் நிமிர்ந்து நிற்பது பெரிதும் இச்சுவரின் வலிமையால்தான். உள்ளே இருக்கும் உட்கரு, தலைமுறை தலைமுறையாக வரும் மரபுச் செய்திகளைக் காக்கும் ஆவணச்சாலை. மைட்டோகாண்ட்ரியா, உண்ட உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்து, உயிரணுவுக்குப் பயன்படும் உருவில் தருகின்றது. பசுங்கணிகம், பச்சைத் தாவரங்களில் கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு சமைக்கின்றது. தாவர உயிரணுவின் நடுவில் உள்ள பெரிய நுண்குமிழ் நீரைத் தேக்கி அதனை விறைப்பாக வைத்திருக்கின்றது. நீர் வார்க்காத துளசியின் இலை வாடித் தொங்குவது, இக்குமிழில் நீர் குறைவதாலேயே. ரைபோசோம் என்னும் நுண்மணிகள் புரதங்களை உருவாக்குகின்றன. எண்டோபிளாச வலை அப்புரதங்களுட் பலவற்றை வாங்கி மடித்து அனுப்புகின்றது. விலங்கு உயிரணுவில் லைசோசோம் என்னும் பைகள், பழுதுபட்டவற்றையும் கழிவையும் செரித்துத் துப்புரவு செய்கின்றன.

இப்பெயர்களெல்லாம் வடிவத்தாலோ, தொழிலாலோ, இருக்கும் இடத்தாலோ அமைந்தவை. உட்கருவுக்கு அருகே, தோசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் வளைந்த கோடுகளாக நாம் வரையும் ஓர் உறுப்பு மட்டும் ஒரு மனிதரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அதுவே கோல்கி உறுப்பு. இத்தாலி நாட்டவரான கமில்லோ கோல்கியின் பெயர் அது. அந்நாட்டவர் கோல்ஜி என்று ஒலிப்பர். நம் பாடநூல்களில் கோல்கி என்றும் கோல்கை என்றும் வழங்குவதால், நாமும் கோல்கி என்றே எழுதுவோம். இவ்வுறுப்பு உண்மையில் இருக்கின்றதா, அல்லது மருந்துச் சாயம் செய்த மாயமா என்னும் ஐயம், அவர் அதனைக் கண்ட பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. அந்த ஐயம் தீர்ந்த நாளில் அவர் உயிரோடு இல்லை.

பிறப்பும் கல்வியும்

கோல்கி 1843ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7ஆம் நாள், வட இத்தாலியின் லொம்பார்டிப் பகுதியில், மலைநாட்டுச் சிற்றூரான கோர்த்தேனோவில் பிறந்தார். அந்நாளில் லொம்பார்டி ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. தந்தையார் அலெசாண்ட்ரோ, பாவியா நகரைச் சேர்ந்தவர். வேலையின் பொருட்டு அம்மலையூருக்கு வந்து மருத்துவராகப் பணியாற்றியவர். ஊழியத்திற்காகச் சொந்த ஊரை விட்டு வந்து, வந்த இடத்தில் பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் குடும்பங்களின் நிலை நமக்குப் புதிதன்று.

தந்தையின் வழியே மகனும் பாவியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1865ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பாவியா, திச்சீனோ ஆற்றின் கரையில் அமைந்த பழம்பெரும் கல்வி நகரம். அதன் பல்கலைக்கழகம் 1361ஆம் ஆண்டிலேயே தோன்றியது. மின்கலத்தைக் கண்ட வோல்ட்டா ஆசிரியராக இருந்ததும் அங்கேதான். பட்டம் பெற்ற கோல்கி, அந்நகரின் சான் மத்தேயோ மருத்துவமனையில் பணிபுரிந்தார். லொம்ப்ரோசோ என்னும் மனநோய் மருத்துவரிடம் சிலகாலம் இருந்தபோது, மூளையின் நோய்களை அறிய வேண்டுமானால் முதலில் மூளையின் அமைப்பை அறிய வேண்டும் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது.

அமைப்பை அறிவதற்கு வழிகாட்டியவர் ஜூலியோ பித்சோத்சேரோ. இவர் கோல்கியினும் மூன்று வயது இளையவர். எனினும் நுண்ணோக்கியைக் கையாள்வதில் தேர்ந்தவர். பிற்காலத்தில் இரத்தத் தட்டணுக்களின் தொழிலை விளக்கிப் புகழ் பெற்றவர். தம்மினும் இளையவரிடம் மாணவராக அமர்ந்து கற்பதைக் கோல்கி இழிவாகக் கருதவில்லை. அவர்களுடைய நட்பு பின்னர் உறவாகவும் மலர்ந்தது. 1877ஆம் ஆண்டில் கோல்கி மணந்துகொண்ட லீனா, பித்சோத்சேரோவின் மருமகள் முறையினர்.

சமையலறையில் ஓர் ஆய்வுக்கூடம்

ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தும், அதில் நிலையான வருவாய் இல்லை. மகன் உறுதியான உத்தியோகத்தில் அமர வேண்டும் என்று தந்தையார் விரும்பினார். 1872ஆம் ஆண்டில் மிலான் நகருக்கு அருகே அப்பியாத்தெகிராஸ்ஸோ என்னும் சிற்றூரில், தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்றில் முதன்மை மருத்துவர் பதவி கிடைத்தது. கோல்கி அதனை ஏற்றுக்கொண்டார். அங்கே பல்கலைக்கழகம் இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, உடன் உரையாடும் ஆசிரியரும் இல்லை. ஆராய்ச்சி வாழ்வு அத்துடன் முடிந்துவிட்டது என்று வேறொருவர் எண்ணியிருக்கக்கூடும்.

கோல்கி தமக்கு அளித்த இருப்பிடத்தின் சிறு சமையலறையை ஆய்வுக்கூடமாக்கினார். கைவசம் இருந்தவை ஒரு நுண்ணோக்கியும் சில எளிய கருவிகளுமே. பகலில் நோயாளிகளைக் கவனித்துவிட்டு, இரவில் மெழுகுவர்த்தி ஒளியில் வேலை செய்தார்.

அவர் எதிர்கொண்ட இடர்ப்பாடு யாது என்பதை அறிந்தால்தான் அவருடைய வெற்றியின் அருமை விளங்கும். மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் நரம்பணுக்கள் காட்டுக்கொடிகளைப்போல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சாயமின்றிப் பார்த்தால் எதுவும் தெரியாது. அன்று வழக்கத்தில் இருந்த சாயங்களை இட்டால் எல்லாம் ஒருங்கே நிறம் ஏறி, எந்தக் கிளை எந்த அணுவைச் சேர்ந்தது என்பது புலனாகாது. அடர்ந்த புதரில் ஒரு கொடியை மட்டும் அடிமுதல் நுனிவரை பிரித்துப் பார்ப்பது எங்ஙனம்? அதுவே கேள்வி.

1873ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விடை கிடைத்தது. மூளைத் துண்டுகளைப் பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசலில் ஊறவைத்துக் கடினமாக்கிப் பின்னர் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இட்டார். இரண்டும் கூடி அணுக்களுக்குள் கரும்படிவாயின. வியப்பு என்னவெனில், அப்படிவு எல்லா அணுக்களிலும் ஏறவில்லை. நூற்றில் மிகச் சிலவற்றில் மட்டுமே ஏறியது. ஏறிய அணுவிலோ, உடலும் கிளைகளும் நுண்ணிய நுனிவரை, மஞ்சள் தாளில் கரிய மையால் வரைந்ததுபோல் தெளிவாய் விளங்கின. இந்த முறைக்குக் கறுப்பு வினை என்று பெயர். அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் அதனை ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் உடனே கவனிக்கவில்லை. சில ஆண்டுகள் கழிந்த பின்னரே பிற நாட்டு அறிஞர்கள் அதன் ஆற்றலை உணர்ந்தனர். நரம்பு மண்டலத்தைப் பற்றிய இன்றைய அறிவின் முதற்கல், மிலானுக்கு அருகே ஒரு மருத்துவமனைச் சமையலறையில் நாட்டப்பட்டது.

முறைக்காய்ச்சலின் காலக்கணக்கு

1876ஆம் ஆண்டில் கோல்கி பாவியாவுக்குத் திரும்பினார். இடையில் சியேனா நகரில் சிறிது காலம் இருந்ததைத் தவிர, எஞ்சிய வாழ்நாள் முழுவதும் பாவியாவிலேயே பேராசிரியராக வாழ்ந்தார். அந்நகரைச் சுற்றி நெல்வயல்கள் நிறைந்திருந்தன. வயல்நீர் தேங்கிய இடங்களில் மலேரியாவும் மிகுந்திருந்தது. 1880ஆம் ஆண்டில் லவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர், அல்ஜீரியாவில் நோயாளிகளின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கோல்கி 1885ஆம் ஆண்டு முதல் அக்கிருமியின் வாழ்க்கையை மணிக்கணக்கில் பின்தொடர்ந்தார்.

இரத்தச் சிவப்பணுவுக்குள் நுழையும் கிருமி, உள்ளே வளர்ந்து, பலவாகப் பிரிந்து, அணுவை உடைத்துக்கொண்டு ஒரே வேளையில் வெளிப்படுகின்றது. அவ்வாறு உடையும் வேளையும், நோயாளிக்குக் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் தோன்றும் வேளையும் ஒன்றே என்று அவர் காட்டினார். ஒருவகைக் கிருமிக்கு இச்சுற்று 48 மணி நேரம். மற்றொரு வகைக்கு 72 மணி நேரம். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சலும், இருநாள் விட்டு வரும் முறைக்காய்ச்சலும் வெவ்வேறு கிருமிகளின் வேலை என்பது இதனால் புலனாயிற்று. குவினைன் மருந்தை எந்த வேளையில் கொடுத்தால் மிகுதியும் பயன் தரும் என்பதையும் அவர் ஆராய்ந்தார். கிருமியைக் கொசு பரப்புகின்றது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் 1897ஆம் ஆண்டில் நம் நாட்டின் செகந்தராபாத்தில் கண்டார். குவினைனும் கொசுவலையும் இருப்புப்பாதைப் பணியாளர்களின் பெட்டியில் நீங்காத பொருள்களாக இருந்த காலத்தை நம் முதியோர் அறிவர். காய்ச்சல் கடிகாரம் பார்த்து வந்ததன் காரணத்தைக் கண்டவர் கோல்கி.

கூகையின் மூளையில் கண்ட வலை

இனி, நம் பிள்ளைகளின் படத்தில் உள்ள உறுப்புக்கு வருவோம். 1897ஆம் ஆண்டில் கோல்கி தம் கறுப்பு வினையைச் சிறிது மாற்றி, கூகையின் சிறுமூளையில் உள்ள பெரிய நரம்பணுக்களில் கையாண்டார். இம்முறை கரும்படிவு அணுவின் வெளிக்கிளைகளில் நிற்கவில்லை. அணுவின் உடலுக்குள், உட்கருவைச் சூழ்ந்து, ஆனால் அதனையும் தொடாமல் புறச்சவ்வையும் தொடாமல், நுண்ணிய வலை ஒன்று தென்பட்டது.

கண்டவுடன் அவர் அதனை உலகுக்கு அறிவித்துவிடவில்லை. ஓரிடத்தில் மட்டும் தோன்றுவது சாயத்தின் பிழையாகவும் இருக்கலாம் அன்றோ? தம் மாணவர் வெராட்டி வேறொரு நரம்பின் அணுக்களிலும் அதே வலையைக் கண்டு உறுதிசெய்யும் வரை காத்திருந்தார். பின்னர் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பாவியா மருத்துவ அறுவைக் கழகத்தின் முன் அதனை வெளியிட்டார். தம் பெயரை அவர் அதற்குச் சூட்டவில்லை. அணுவின் உள்ளே உள்ள வலைக்கருவி என்னும் பொருள்படவே பெயரிட்டார். அதன் தொழில் யாது என்பது பற்றி ஊகம் எதனையும் வலியுறுத்தவில்லை. கண்டதைக் கண்டவாறு எழுதி, படமும் வரைந்து வைத்தார். அவருடைய மற்றொரு மாணவரான நேக்ரி, சுரப்பிகளின் அணுக்களிலும் அதனைக் கண்டார். நரம்பணுவுக்கே உரியது என்று கருதப்பட்டது பல வகை உயிரணுக்களுக்கும் பொதுவானது என்பது மெல்லத் தெளிவாயிற்று.

இருவருக்கு ஒரு பரிசு

இவ்விடத்தில் கோல்கியின் வாழ்வின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெரியோரின் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் பெருமையை மட்டும் எழுதி நிறுத்துவது வழக்கம். அங்ஙனம் செய்தால் இவர் வாழ்வு தரும் பாடத்தின் பாதி போய்விடும்.

கறுப்பு வினையால் நரம்பணுக்களைக் கண்ட கோல்கி, அவற்றின் நீண்ட இழைகள் நுனியில் ஒன்றோடொன்று இணைந்து, மூளை முழுவதும் பிரிவில்லாத ஒரே வலையாக இருக்கின்றன என்று நம்பினார். ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ ராமோன் காஹால் 1887ஆம் ஆண்டில் மாட்ரிட் நகரில் இம்முறையால் சாயமேற்றிய துண்டுகளை முதன்முதலாகப் பார்த்தார். அம்முறையைத் தாமும் கையாண்டு திருத்தி, நேர்மாறான முடிவுக்கு வந்தார். ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனியே நிற்கின்றது. ஒன்றன் நுனி மற்றொன்றின் அருகே வந்து நிற்கின்றதேயன்றி ஒட்டிக் கலப்பதில்லை என்பது அவர் கொள்கை. கோல்கியின் கருவியைக் கொண்டே கோல்கியின் கொள்கையைக் காஹால் மறுத்தார்.

1906ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, நரம்பு மண்டலத்தின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக இவ்விருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. இலக்கியப் பரிசு பெற்ற கவிஞர் கார்துச்சியும் கோல்கியும் நோபல் பரிசு பெற்ற முதல் இத்தாலியர்கள் ஆயினர். ஸ்டாக்ஹோம் நகரில் ஒரே மேடையில் நின்ற இருவரும் ஒருவர் கருத்தை ஒருவர் ஏற்காதவராகவே நின்றனர். கோல்கி தம் பரிசு உரையின் பெரும்பகுதியைத் தனியணுக் கொள்கையை மறுப்பதற்கே செலவிட்டார். அறிஞர் பலர் காஹாலின் பக்கம் சாய்ந்துவிட்ட காலம் அது. அப்போது கோல்கிக்கு வயது 63. இளம்வயதில் தம்மினும் இளையவரிடம் அமர்ந்து பாடம் கேட்ட அவர், முதுமையில் தம்மினும் ஒன்பது வயது இளையவரான காஹாலின் சான்றுகளைச் செவிமடுக்க மறுத்தார். இதனை மறைப்பதற்கில்லை.

காஹாலோ, கோல்கி கண்ட உள்வலையைத் தாமும் புதிய சாயமுறையால் ஆராய்ந்து, 1914ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, அதனைக் கோல்கியின் பெயராலேயே குறித்தார். கொள்கையில் எதிர்த்தவரும் கண்டுபிடிப்பின் உரிமையை உரியவருக்கே கொடுத்தது போற்றத்தக்கது.

கோல்கி தம் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருமுறை விளங்கினார். 1900ஆம் ஆண்டில் நாட்டின் மேலவை உறுப்பினரானார். முதல் உலகப் போரின்போது, 70 வயதைக் கடந்த நிலையிலும், பாவியாவில் படைவீரர்க்கான மருத்துவமனை ஒன்றைப் பொறுப்பேற்று நடத்தி, நரம்புக் காயமுற்றோருக்குச் சிகிச்சைக்கு வகை செய்தார். அவருக்கு மக்கட்பேறு இல்லை. 1926ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் பாவியாவில் காலமானார்.

மறைவுக்குப் பின் வந்த இரு தீர்ப்புகள்

அவர் மறைந்த வேளையில் உள்வலையைப் பற்றிய வழக்கு முடியவில்லை. உயிருள்ள அணுவில் அது தெளிவாகத் தெரிவதில்லை. வெள்ளியோ ஆஸ்மியமோ ஏற்றினால்தான் தெரிகின்றது. ஒருவர் முறையில் வலையாகவும் மற்றொருவர் முறையில் துண்டுகளாகவும் தோன்றுகின்றது. ஆகவே அது உறுப்பே அன்று, உலோக உப்பு படிந்து உண்டாக்கிய பொய்த்தோற்றம் என்று பலர் வாதிட்டனர். 1949ஆம் ஆண்டில் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிலையத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பாலடே, ஆல்பெர்ட் கிளாட் ஆகிய பேரறிஞர் இருவரும் அவ்வாறே எழுதினர்.

ஒளிக்கு மாறாக மின்னணுக் கற்றையைக் கொண்டு பார்க்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி, 1950களில் உயிரணு ஆராய்ச்சிக்கு முழுமையாகப் பயன்பட்டது. 1954ஆம் ஆண்டில் டால்ட்டன், ஃபெலிக்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், கோல்கி காட்டிய இடத்திலேயே, தட்டையான பைகள் அடுக்காகவும் அவற்றைச் சுற்றிச் சிறு குமிழிகளாகவும் இருப்பதைப் படமெடுத்துக் காட்டினர். வெள்ளிச் சாயம் இல்லை, உறுப்பு இருந்தது. அவர் கண்டது உண்மையே என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

அதே கருவி, அதே பத்தாண்டில், மற்றொரு தீர்ப்பையும் வழங்கியது. நரம்பணுவுக்கும் நரம்பணுவுக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி இருப்பதை அது காட்டியது. மூளை முழுவதும் ஒரே வலை என்று கோல்கி இறுதிவரை போராடிய கொள்கை வீழ்ந்தது. அவர் மேடையேறி வாதாடியது நிலைக்கவில்லை. காத்திருந்து, சரிபார்த்து, அடக்கமாக எழுதி வைத்தது நிலைத்தது. இதனினும் தெளிவான பாடம் அறிவியல் வரலாற்றில் அரிது.

அது பொய்த்தோற்றம் என்று எழுதிய பாலடேயும் தம் கருத்தைப் பற்றிக்கொண்டு நிற்கவில்லை. 1960களில் அவரும் அவருடைய குழுவினரும், கணைய உயிரணுக்களுக்குக் கதிரியக்க அடையாளமிட்ட அமினோ அமிலங்களைக் கொடுத்து, உண்டான புரதம் எந்த வழியே செல்கின்றது என்று நிமிடக்கணக்கில் தொடர்ந்தனர். அது எண்டோபிளாச வலையிலிருந்து கோல்கி உறுப்பைக் கடந்தே வெளியே போகின்றது என்று கண்டனர். தாம் இல்லை என்ற உறுப்பின் தொழிலைத் தாமே நிலைநாட்டிய பாலடே, 1974ஆம் ஆண்டில் கிளாட், லைசோசோமைக் கண்ட டி டூவ் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உயிரணுவின் பார்சல் அலுவலகம்

இவ்வுறுப்பின் தொழில் யாது? நம் காலனியினர்க்கு இதனை விளக்குவது எளிது. ஸ்டேஷனில் உள்ள பார்சல் அலுவலகத்தை நினைவிற் கொண்டால் போதும். ஒருபுற வாயிலில் பொதிகள் வந்து இறங்குகின்றன. சரிபார்த்து, சேருமிடம் குறித்த லேபிள் ஒட்டி, திசைவாரியாகப் பிரித்து, மறுபுற வாயில் வழியே பிளாட்பாரத்திற்கு அனுப்புகின்றனர்.

கோல்கி அடுக்கிற்கும் அவ்வாறே வரவு முகம், செலவு முகம் என இரு முகங்கள் உண்டு. ரைபோசோமில் உருவான புரதம், எண்டோபிளாச வலையிலிருந்து சிறு குமிழியில் ஏறி வரவு முகத்தை அடைகின்றது. அடுக்கைக் கடந்து செல்லும்போது அதனோடு சர்க்கரைக் கூறுகள் சேர்க்கப்படுகின்றன, சில நீக்கப்படுகின்றன. செலவு முகத்தில் அவை பிரிக்கப்பட்டு, உயிரணுச் சவ்வுக்கு உரியவை ஒரு குமிழியிலும், லைசோசோமுக்கு உரியவை மற்றொன்றிலும், வெளியே செல்ல வேண்டியவை வேறொன்றிலுமாக ஏற்றப்படுகின்றன. கணையத்திலிருந்து இரத்தத்திற்குச் செல்லும் இன்சுலின் இவ்வழியே பொதியாகி வருகின்றது. தாய்ப்பாலின் இனிப்பாகிய லாக்டோஸ், தாயின் பால்சுரப்பி உயிரணுக்களின் கோல்கி உறுப்பிலேயே உருவாகின்றது. நம் இரத்தம் ஏ வகையா, பி வகையா என்பதைத் தீர்மானிக்கும் சர்க்கரைக் கூறும் இங்கேயே பொருத்தப்படுகின்றது.

தாவர உயிரணுவில் இவ்வடுக்குகள் ஓரிடத்தில் குவியாமல் சிறு சிறு கிளை அலுவலகங்களாகச் சிதறி நிற்கின்றன. உயிரணுச்சுவருக்கு வேண்டிய பெக்டின் முதலிய பொருள்கள் இங்கே தயாராகின்றன. ஒரு தாவர உயிரணு இரண்டாகப் பிரியும்போது, கோல்கிக் குமிழிகள் நடுவில் வரிசையாக வந்து கூடி, புதிய குறுக்குச்சுவருக்கு அடிக்கோலுகின்றன.

லேபிள் இல்லாத பொதி எங்கே போய்ச் சேரும் என்பதை நம் காலனியில் எவரும் சொல்வர். உயிரணுவிலும் அவ்வாறே. லைசோசோமுக்குச் செல்ல வேண்டிய நொதிகளின்மீது கோல்கி உறுப்பு ஒருவகைச் சர்க்கரை அடையாளத்தைப் பொறிக்கின்றது. அதனைப் பொறிக்கும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு, நொதிகள் லைசோசோமை அடையாமல் உயிரணுவுக்கு வெளியே போய்விடுகின்றன. கழிவு தேங்கி, எலும்பும் உள்ளுறுப்புகளும் கேடுறுகின்றன. அரிதாயினும் கொடிய நோய் அது. கண்ணுக்குத் தெரியாத ஒரு முகவரிக் குறிப்பில் ஒரு குழந்தையின் வாழ்வே அடங்கியிருக்கின்றது. இக்குமிழிகள் எவ்வாறு உரிய இடத்தை உரிய வேளையில் அடைகின்றன என்பதை விளக்கிய ராத்மன், ஷெக்மன், சூடாஃப் ஆகிய மூவரும் 2013ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

கோல்கி பிறந்த கோர்த்தேனோ 1956ஆம் ஆண்டு முதல் கோர்த்தேனோ கோல்கி என்று அவர் பெயரோடு வழங்கி வருகின்றது. ஓர் ஊருக்குப் பெயர் தருவது பெருமையே. அதனினும் பெரியது, நம் உடலிலும், நம் வாயிலில் நிற்கும் வேம்பிலும், தொட்டியில் வளரும் துளசியிலும் உள்ள எண்ணற்ற உயிரணுக்களில் ஒரு மனிதரின் பெயர் குடியிருப்பது. பெரிய நகரத்தையும் பெரிய கருவியையும் எதிர்பாராமல், கிடைத்த சமையலறையில் கிடைத்த விளக்கொளியில் அவர் தொடங்கினார். கண்டதைச் சரிபார்த்து எழுதினார், அது நின்றது. நம்பியதை விடாது பிடித்தார், அது விழுந்தது. இவ்விரண்டையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போமாக. அடுத்த முறை அவர்கள் அந்த வளைந்த அடுக்கை வரைந்து பெயர் எழுதும்போது, அருகே தமிழிலும் ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.